ஃபீனிக்ஸ் நகர உணவகங்களும் நெல்லைச் சீமையின் அடுப்படியும்

அமெரிக்காவின் தென்மேற்கில், அரிசோனா மாநிலத்தின் தலைநகராக இருக்கும் ஃபீனிக்ஸ், ஆண்டுக்குச் சுமார் 180 மில்லிமீட்டர் மழையே பெறுகிற பாலைநிலத்து நகரம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே 16 லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலான மக்கள் வாழ்கிறார்கள். மக்கள்தொகையில் அந்நாட்டின் ஐந்தாவது பெரிய நகரம் அது. 2023ஆம் ஆண்டுக் கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெயில் 43 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் அடித்த ஊரும் அதுவே. அப்படிப்பட்ட ஊரின் உணவகங்களைப் பற்றி நம் பக்கத்து வாசகர்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தன் வறண்ட மண்ணில் என்ன விளைகிறதோ அதை மதித்து, விலை கொடுத்து வாங்கிச் சமைக்கத் தொடங்கிய பிறகே அந்த நகரம் சாப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. கரிசலும் தேரியும் பனங்காடும் தாமிரபரணிப் பாசனமும் ஒருங்கே அமைந்த நம் திருநெல்வேலிச் சீமையில், ஓட்டல்கள் அதற்கு நேர் எதிரான திசையில் போய்க்கொண்டிருக்கின்றன. இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருவதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

என் தாய்மாமா கல்யாண வீடுகளுக்குத் தவசுப்பிள்ளையாகப் போனவர். ஆக்குப்புரையின் புகையிலும் தேங்காய் துருவும் சத்தத்திலும் வளர்ந்தவன் என்பதால், எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் அடுப்பில் என்ன வேகிறது என்று பார்ப்பது என் வழக்கம். மகள் குடும்பம் ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் இருக்கிறது. இன்டெல் நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலைகள் அங்கே இருப்பதால் நம்மவர்கள் பலர் குடியேறியிருக்கிறார்கள்; அவர்களை நம்பித் தோசைக் கடைகளும் பிரியாணிக் கடைகளும் நன்றாகவே நடக்கின்றன. ஊருக்குத் திரும்பியதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, அங்கே நம் சாப்பாடு கிடைக்குமா என்றுதான். கிடைக்கும், அதைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மருமகன் நல்ல பிள்ளை, போன மறுநாளே சொல்லிவிட்டார்: “மாமா, இட்லி தோசை எங்கயும் ஓடிப்போகாது. இந்த ஊர்க்காரங்க என்ன சாப்பிடுறாங்கன்னு பாக்கணும்னா சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.” அவர் கூட்டிக்கொண்டு போன இடங்களைப் பற்றியதே இந்தப் பதிவு.

ஃபீனிக்ஸ் நெடுங்காலம் நாடு முழுவதும் கிளை பரப்பும் சங்கிலி உணவகங்களின் ஊராகவே அறியப்பட்டது. மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் அடையாளமான மஞ்சள் வளைவுகளோடு முதல் கடை 1953இல் திறக்கப்பட்டது இந்த ஊரில்தான். கோல்ட் ஸ்டோன் ஐஸ்கிரீம் கடை 1988இல் அருகிலுள்ள டெம்பியில் தொடங்கியது, பி.எஃப்.சாங்ஸ் என்னும் சீன உணவகம் 1993இல் ஸ்காட்ஸ்டேலில் தொடங்கி, நாடெங்கும் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், குளிர்சாதன வசதி பரவிய காலத்தில், வெளிமாநிலங்களிலிருந்து வந்து குவிந்தவர்களால் வேகமாக வளர்ந்த நகரம் அது. யாருக்கும் அந்த மண்ணின் சுவை தெரியாது; எல்லோரும் காரில் வந்து, எங்கும் ஒரே மாதிரி கிடைப்பதை வாங்கிச் சாப்பிட்டுப் போனார்கள். அப்படிப்பட்ட ஊருக்கென்று தனிச் சமையல் ஒன்று வந்து சேர்ந்தது எப்படி என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி. அதற்கு அந்த மண்ணின் தண்ணீர்க் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபீனிக்ஸ் இருக்கும் பள்ளத்தாக்கில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஹோஹோகாம் என்று இன்று அழைக்கப்படும் மக்கள் சால்ட் ஆற்றிலிருந்து பல நூறு மைல் நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டி மக்காச்சோளமும் பயறும் பருத்தியும் விளைவித்தார்கள். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தக் கால்வாய்கள் கைவிடப்பட்டன. 1867இல் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் தொடங்கிய நிறுவனம் அந்தப் பழைய தடங்களைப் பார்த்தே மறுபடியும் வாய்க்கால் வெட்டியது. அழிந்த ஊரின் மேல் எழும் ஊர் என்பதால்தான் சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரை அதற்கு வைத்தார்கள். தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளையும் அவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்களையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். கோடைமேலழகியானும் நதியுண்ணியும் கன்னடியனும் மருதூரும் இல்லையென்றால் நமக்கு நெல் ஏது? அந்த ஊரில் இப்போதும் வீடுகளுக்கு நடுவே கால்வாய் ஓடுகிறது. மாலை வேளையில் அதன் கரையில் நடந்தபோதெல்லாம் எனக்குப் பாளையங்கால்வாயின் நினைவு வந்தது.

இந்தப் பகுதியின் சாப்பாட்டில் முதன்மையானது கோதுமை. மெக்சிகோ முழுவதும் மக்காச்சோள ரொட்டிக்குப் பெயர் பெற்றிருக்க, அதன் வடக்கு மாநிலமான சொனோராவிலும் அதை ஒட்டிய அரிசோனாவிலும் டார்ட்டில்லா என்னும் மெல்லிய ரொட்டியைக் கோதுமை மாவில் போடுவதே சிறப்பு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கினோ என்னும் இயேசு சபைப் பாதிரியார் இந்தப் பகுதிக்குக் கோதுமையைக் கொண்டுவந்தார். (பாளையங்கோட்டைக்காரர்கள் இயேசு சபையாரைக் கல்லூரியால் அறிவார்கள், அங்கே ஒரு பாதிரியார் கோதுமையால் அறியப்படுகிறார்.) மக்காச்சோளம் கோடைப் பயிர், கோதுமையோ குளிர்காலத்தில் விதைத்துக் கோடைத் தொடக்கத்தில் அறுப்பது. வயல் சும்மா கிடந்த, வீட்டில் தானியம் தீர்ந்துபோகிற மாதங்களை அது நிரப்பியதால் பழங்குடி மக்கள் அதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள். வெள்ளைச் சொனோரா என்று பெயர் பெற்ற அந்தக் கோதுமையின் மாவு மென்மையானது, இழுத்தால் நன்றாக நீளும். அதனால்தான் அங்கே கைதேர்ந்த பெண்கள் மாவு உருண்டையை முழங்கை வரை வீசி வீசி விரித்து, அடியில் வைத்த கை தெரியும் அளவுக்கு மெல்லிய ரொட்டி போடுகிறார்கள். நம் பக்கத்து வீச்சுப் பரோட்டா மாஸ்டர்கள் பார்த்தால் தங்கள் தொழில்காரர் என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

நெல்லுக்குப் பெயர் பெற்ற நம் ஊரும் ஒரு கோதுமைப் பண்டத்தாலேயே உலகம் அறிந்த ஊராயிற்று. வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் அல்வாவைக் கொண்டுவந்தன. சம்பாக் கோதுமையை ஊறவைத்து, அரைத்துப் பால் எடுத்து, புளிக்கவிட்டு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டியபோது நம் ஆற்றுத் தண்ணீர் அதற்கு ஒரு குணத்தைக் கொடுத்தது என்று நம்புகிறோம். வந்த தானியம் ஒரு ஊரின் தண்ணீரோடும் கையோடும் சேர்ந்து அந்த ஊருக்கே உரியதாகிவிடும் என்பதற்கு நெல்லையப்பர் கோயில் வாசலில் மாலை நேரத்தில் நிற்கும் வரிசையே சாட்சி. எனவே மண்ணின் உணவு என்று நான் சொல்வது, வெளியிலிருந்து எதுவும் வரக்கூடாது என்ற பொருளில் அன்று. வந்ததை ஊர் தன்னுடையதாக்கியதா, அல்லது ஊரில் இருந்ததை வந்தது துரத்திவிட்டதா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

துரத்தியதும் அங்கே நடந்திருக்கிறது. ஃபீனிக்ஸுக்குத் தெற்கே கீலா ஆற்றங்கரையில் வாழும் பீமா மக்கள், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களுக்கும் படைகளுக்கும் கோதுமை விற்கும் அளவுக்கு வளமாக இருந்தவர்கள். வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆற்றின் மேற்பகுதியிலேயே தண்ணீரைத் திருப்பிக்கொண்டதால் சில பத்தாண்டுகளில் கீலா ஆறு வறண்டு, அந்த மக்கள் பட்டினி கிடந்தார்கள். விளைச்சல் போன இடத்துக்கு அரசாங்கத்தின் இலவச மாவும் கொழுப்பும் சர்க்கரையும் வந்தன. கடைமடைக்குத் தண்ணீர் வராத ஆண்டுகளில் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே உள்ள விவசாயிகள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2004இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய அரிசோனா தண்ணீர் உடன்பாட்டுச் சட்டம் கீலா ஆற்று மக்களுக்குப் பெரும் பங்கு நீர் உரிமையைத் திரும்பக் கொடுத்தது. இழந்தது ஒரு நூற்றாண்டுக்கும் மேல். ஆனாலும் திரும்பக் கிடைத்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த இலவச மாவிலிருந்து பிறந்ததுதான் ஃப்ரை பிரெட் என்னும் பொரித்த ரொட்டி. அமெரிக்கப் பழங்குடிகள் தங்கள் நிலங்களிலிருந்து விரட்டப்பட்ட காலத்தில், கையில் கிடைத்த மாவைப் பிசைந்து கொழுப்பில் பொரித்துப் பசியாறிய பண்டம் அது. ஃபீனிக்ஸில் டோஹோனோ ஓதாம் இனத்தைச் சேர்ந்த சிசிலியா மில்லர் 1992இல் தொடங்கிய ஃப்ரை பிரெட் ஹவுஸ் என்ற சிறிய கடை, 2012இல் ஜேம்ஸ் பியர்டு அறக்கட்டளையின் ‘அமெரிக்கச் செவ்வியல் உணவகம்’ விருதைப் பெற்றது. நாட்டின் உணவுத் துறைக்கு அதைவிட மதிப்புள்ள விருதுகள் கிடையாது. அது ஆடம்பர விடுதிக்குப் போகாமல், வரிசையில் நின்று தட்டு வாங்கும் ஒரு சிறு கடைக்குப் போனது. அகலமாகப் பொரித்து எடுத்த ரொட்டியின் மேல் அவரையும் மிளகாய்க் குழம்பும் வைத்து மடித்துத் தருகிறார்கள். வெளிப்புறம் மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. துயரத்தில் பிறந்த உணவை அந்த மக்களே சுவையாக்கி, கூலிவேலைக்காரரும் அலுவலகத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்படி செய்திருக்கிறார்கள். அந்தக் கடையில் இருந்த நேரம் முழுவதும் என் மனம் நிறைந்திருந்தது.

ஆனால் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஃப்ரை பிரெட் அன்று, டெப்பரி அவரை. நம் தட்டப்பயறு போன்ற சிறிய பயறு; பாலைநிலத்தில் ஓரிரு மழை கிடைத்தாலே காய்த்துவிடும், தண்ணீர் அதிகமானால்தான் கெடும். அந்த மக்கள் அதைப் பல நூறு ஆண்டுகளாக உண்டுவந்தார்கள். தண்ணீர் போனபோது அதுவும் ஏறக்குறைய மறைந்தது. 1970களில் ரமோனா பட்டன் என்ற பழங்குடிப் பெண்மணியும் அவருடைய கணவரும், தந்தையார் வீட்டுப் பெட்டியில் கண்ணாடிக் குப்பிகளில் பாதுகாத்து வைத்திருந்த விதைகளை எடுத்து மறுபடி விதைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் கேட்டதால் செய்தார்கள் என்பது முக்கியம். இன்று ரமோனா ஃபார்ம்ஸ் என்ற அவர்களுடைய பண்ணையின் டெப்பரி அவரை அந்நகரத்தின் நல்ல உணவகங்களிலெல்லாம் இருக்கிறது. கீலா ஆற்றுச் சமூகத்துக்குச் சொந்தமான விடுதியில் ‘காய்’ என்ற உணவகம் உண்டு. பீமா மொழியில் அதற்கு விதை என்று பொருள். அரிசோனாவிலேயே உயர்ந்த தரம் பெற்ற உணவகங்களில் ஒன்றான அங்கே, வறண்ட நிலத்தின் அந்தப் பயறு வெள்ளித்தட்டில் முதல் மரியாதையோடு வருகிறது. கடையில் சாதாரண பின்டோ அவரையைவிட இதற்கு விலை கூடுதல். அந்த விலை பயிர் செய்தவர் கைக்குப் போகிறது என்று மருமகன் சொன்னார்.

இதைக் கேட்டபோது கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் குதிரைவாலியும் கம்பும் மானாவாரி உளுந்தும் பாசிப்பயறும் என் கண்முன் வந்தன. ஒரு மழை தவறினாலும் தாக்குப்பிடிக்கும் தானியங்கள் அவை. அவற்றை விதைப்பவர் வியாபாரியிடம் கெஞ்சி விற்கிறார்; அதே ஊர்ச் சாலையோர ஓட்டலில் அந்தத் தானியத்தில் ஒரு பண்டம்கூடக் கிடையாது. கோடையில் தள்ளுவண்டிக் கம்மங்கூழ் மட்டும் விதிவிலக்கு. அதை விற்பவர்களை நான் கும்பிடுகிறேன்.

விறகையும் சொல்லத்தான் வேண்டும். சொனோரா சமையலின் உயிர், மெஸ்கீட் என்னும் மரத்தின் விறகில் சுடுவது. 2021இல் பகனோரா என்ற சிறிய உணவகத்தைத் தொடங்கிய ரெனே ஆந்த்ராதே, இந்த விறகு அடுப்பில் இறைச்சியையும் காய்களையும் சுட்டுக் கொடுத்து, 2024இல் தென்மேற்குப் பகுதியின் சிறந்த சமையற்கலைஞர் என்ற ஜேம்ஸ் பியர்டு விருதைப் பெற்றார். மெஸ்கீட் மரத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. நம் கண்மாய்களையும் தரிசுகளையும் நிரப்பிக் கிடக்கும் சீமைக்கருவேலின் நெருங்கிய உறவு அது. முள்ளும் இலையும் காயும் அப்படியே இருக்கின்றன. அங்கே அது சொந்த நாட்டு மரம். அதன் காயை அரைத்து இனிப்பான மாவாக்கிப் பலகாரம் செய்கிறார்கள், விறகைச் சமையலுக்குரிய மணமாகப் போற்றுகிறார்கள். இங்கே அது வெளியிலிருந்து வந்து நீரையும் நிலத்தையும் பிடித்துக்கொண்ட மரம். அதை வெட்ட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் வெட்டிய மரம் மூட்டம் போட்ட கரியாக லாரியில் வெளியூர் போவதைப் பார்க்கும்போது, நம் பரோட்டாக் கடை விறகடுப்புகளில் எரிவதும் இதுதானே, அந்தப் புகையின் மணத்தை நாம் ஏன் ஒரு சுவையாக நினைத்ததே இல்லை என்று தோன்றியது.

சாப்பாட்டோடு பருவமும் பிணைந்திருப்பதை அங்கே இன்னொரு முறையும் கண்டேன். டோஹோனோ ஓதாம் மக்கள் ஜூன் மாதக் கடும் வெயிலில், சகுவாரோ என்னும் உயரமான கள்ளியின் உச்சியிலுள்ள பழத்தை நீண்ட கழியால் தட்டி வீழ்த்தி, அதே இடத்தில் அடுப்பு மூட்டிக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். அதுவே அவர்களுக்கு ஆண்டுப் பிறப்பு. அதற்குப் பிறகே அவர்களுடைய மழைக்காலம். உடன்குடிப் பக்கத்தில் பதநீரை இறக்கி, விடிலி என்னும் குடிசையில் வைத்துக் கருப்பட்டி காய்ச்சும் குடும்பங்கள் படும் அனல் எனக்குத் தெரியும். கள்ளிப் பாகு அங்கே சிறிய குப்பியில் பெரிய விலைக்குப் போகிறது; உயர்ந்த உணவகங்கள் அதை ஒரு துளி ஒரு துளியாகத் தட்டில் வைக்கின்றன. சீனி கலக்காத கருப்பட்டி நம் ஊர் ஓட்டலில் எத்தனை இடத்தில் காப்பிக்குக் கிடைக்கிறது?

பீட்சாவைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஊர்க் கதை முடியாது. நியூயார்க்கில் வளர்ந்த கிறிஸ் பியாங்கோ 1988இல் ஒரு மளிகைக் கடையின் மூலையில் விறகடுப்புப் பீட்சா சுடத் தொடங்கினார். பின்னர் நகரின் பழைய செங்கல் கட்டடம் ஒன்றுக்கு மாறினார். 2003இல் தென்மேற்கின் சிறந்த சமையற்கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. பீட்சா சுடும் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. 2022இல் நாட்டின் சிறந்த உணவக நடத்துநர் என்ற விருதும் வந்தது. பல ஆண்டுகள் பெரும்பாலும் தம் கையாலேயே ஒவ்வொரு பீட்சாவையும் சுட்டவர். மணிக்கணக்கில் மக்கள் வாசலில் காத்திருந்தார்கள். அவருடைய ‘ரோசா’ என்ற பீட்சாவில் சிவப்பு வெங்காயமும் பாலாடைக்கட்டியும் ரோஸ்மேரி இலையும் அரிசோனாவில் விளைந்த பிஸ்தாவும் இருக்கின்றன, தக்காளிச் சாறே கிடையாது. பண்டம் இத்தாலியுடையது, பிஸ்தா அந்த மண்ணுடையது. வெள்ளைச் சொனோராக் கோதுமையை மறுபடி அரைக்கத் தொடங்கிய ஹேடன் மாவு ஆலைக்குத் தொடக்கத்தில் துணை நின்றவரும் அவரே. ஒரு நல்ல உணவகக்காரர் மனம் வைத்தால் வயலில் என்ன விதைப்பது என்பதே மாறும் என்பதை நான் நம்புவதற்கு இந்த மனிதர் போதும்.

இவற்றோடு ஸ்காட்ஸ்டேலில் காய்கறிகளை முன்னிறுத்தியே சமைத்து 2019இல் தென்மேற்கின் சிறந்த சமையற்கலைஞர் விருதைப் பெற்ற ஷார்லீன் பேட்மனின் எஃப்.என்.பி. உணவகமும், 1950 முதல் விருந்தினர்கள் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் நடந்தே சாப்பாட்டு அறைக்குப் போகும் டுரான்ட்ஸ் என்ற பழைய உணவகமும் உண்டு. சமையலறை வழியாக ஆட்களை அழைத்துப்போகத் துணிவு வேண்டும். அடுப்படியைச் சுத்தமாக வைத்திருப்பவர்களால்தான் அது முடியும். தெற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் டூசான் நகரத்தை 2015இல் யுனெஸ்கோ உணவுக்கலை நகரமாக அறிவித்தது. 4,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வேளாண்மை வரலாற்றை அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். ஆதிச்சநல்லூரையும் கொற்கையையும் வைத்திருக்கும் நாம் இதை நின்று யோசிக்க வேண்டும்.

அந்த ஊரில் குறைகளும் உண்டு. கோடையில் வியாபாரம் படுத்துவிடுவதால் சிறிய உணவகங்கள் சில வாரங்கள் கதவடைத்துவிடுகின்றன. வடமாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் குளிருக்குத் தப்பி வருகிறவர்களும், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பேஸ்பால் பயிற்சி ஆட்டம் பார்க்க வருகிறவர்களும்தான் அவற்றைத் தாங்குகிறார்கள். குற்றாலத்துச் சீசன் வியாபாரத்தை அறிந்தவர்களுக்கு இந்த நிலை புதிதன்று. கொலராடோ ஆற்று நீர் குறைந்து, 2021இல் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டபோது அரிசோனா விவசாயிகளுக்கே முதல் வெட்டு விழுந்தது. விலையும் எளிய குடும்பங்களுக்கு எட்டாதது. மகள் வீட்டுக்கு அருகே வசிப்பவர்களில் பலர், இவ்வளவு இருந்தும், வாரம் முழுவதும் சங்கிலிக் கடைகளிலேயே சாப்பிடுகிறார்கள். ஆனாலும், தன் ஊர்ச் சாப்பாடு எது என்று கேட்டால் அந்த ஊர்க்காரர் தயங்காமல் பதில் சொல்கிறார்.

இப்போது வண்ணார்பேட்டையிலிருந்து புதிய பேருந்து நிலையம் வரை நடந்து பாருங்கள். பரோட்டா, ஃப்ரைடு ரைஸ், ஷவர்மா, அரேபிய மந்தி. பரோட்டாவை நான் குறை சொல்ல மாட்டேன். செங்கோட்டைக்கு அருகே பிரானூர்ப் பார்டர் கடைகளின் பரோட்டாவும் நாட்டுக்கோழி வறுவலும் அந்த எல்லை ஊருக்கே உரியவை. ஆனால் வெளியூரிலிருந்து வந்து நெல்லைச் சாப்பாடு வேண்டும் என்று கேட்கும் ஒருவரை எந்தக் கடைக்கு அழைத்துப்போவது? தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதியும் இஞ்சித் துவையலும், உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், கூட்டாஞ்சோறு, புளிமிளகாய், கருப்பட்டி ஊற்றிய உளுந்தங்களி ஆகிய எல்லாம் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கின்றன. வீட்டில் செய்யத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

இந்த ஆற்றாமையைத் தாய்மாமா மகனிடம் சொன்னேன். அத்தான் பாளையங்கோட்டையில் ஒரு சிறிய மெஸ் நடத்துகிறார். தகப்பனாரின் கைப்பக்குவம் அப்படியே அவருக்கு வந்திருக்கிறது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மாப்ளே, சொதி வைக்கிறதுல எனக்கு என்ன கஷ்டம்? தேங்காய் விக்கிற விலை தெரியும்லா? அது போக, சொதியை மறுபடி சூடாக்க முடியாது. பன்னிரண்டு மணிக்கு இறக்குனா ரெண்டு மணிக்குள்ள தீரணும். தீரலன்னா கீழதான் கொட்டணும்.”

அவர் சொன்னதில்தான் முழு விவரமும் இருக்கிறது. சொதியில் பாசிப்பருப்பும் காய்களும் மூன்றாம் பாலில் வெந்து, இரண்டாம் பாலில் கொதித்து, முதல் பால் ஊற்றியதும் நுரை கூடும்போதே இறக்கப்பட வேண்டும். எலுமிச்சைச் சாறு பிழிவது அதற்குப் பிறகு. மறுவீட்டுப் பந்தியில் எத்தனை இலை விழும் என்பது தவசுப்பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் அங்கே மிச்சம் விழாது. ஓட்டலில் யார் வருவார் என்று தெரியாது. சால்னாவோ இரவு வரை அடுப்பில் கிடந்து சுண்டச் சுண்டச் சுவை கூடுகிற குழம்பு. மைதா மாவோ பிசைந்து எண்ணெய் தடவி வைத்தால் ஆள் வரும் வரை காத்திருக்கும். நம் ஊரின் சிறந்த உணவுகள் ஆள் எண்ணிக்கை தெரிந்து சமைக்கப்படும் பந்திக்காகப் பிறந்தவை. ஓட்டலுக்குள் அவை வராததற்கு மக்களின் ரசனைக் குறைவைவிட இதுவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் ஆள் எண்ணிக்கையை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அதை அத்தானிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் சொதி, அதற்கு வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஃபோனில் சொல்லி வைக்க வேண்டும், வழக்கமான சாப்பாட்டைவிட விலை கூடுதல் என்று முடிவு செய்தார். சனிக்கிழமை காலையில் உளுந்தஞ்சோறு. தொலி உளுந்தை வியாபாரி கையில் வாங்காமல் கயத்தாறுப் பக்கத்தில் பயிர் செய்கிற ஒருவரிடம் நேராக வாங்கிக்கொள்ள அவரே ஆள் பார்த்திருக்கிறார். முதல் சில வாரங்களில் நஷ்டம் வந்தால் என் பங்காக ஒரு தொகையைத் தாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். சொதிக்கு உருளைக்கிழங்கு வறுவல் போதுமா, சேனை வறுவலும் வேண்டுமா என்பதில் மட்டும் அத்தானுக்கும் என் மனைவிக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. தை மாதக் கல்யாண வேலைகள் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறோம்.